வீடு உட்காராத மேடு

— பால் பொங்கிருச்சுன்னு சொல்றியே அழகு, எங்க பொங்குச்சு? அடுப்பு எங்க? சொவரு எங்க? நாலு கம்பு நட்டு ஒரு பொலித்தீன் சீட்ட இழுத்துக் கட்டியிருக்க. அவ்வளவுதான இங்க இருக்கு.

— அடுப்பு இந்தா, ஒன் காலுகிட்ட. பாத்து நில்லு டீச்சரம்மா, குசினிக்குள்ள செருப்போட நிக்கிற.

— வெளையாடாத.

— வெளையாட்டக் காட்டுனது நீ. எட்டாம் ஆண்டுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இந்தப் பழைய நேசரிக்கு வந்து, ஸ்கூலுக்கு வந்த டெப்ப நீட்டி, அதோட தெரையில இந்தா சொவரு, இந்தா ஜன்னலு, இந்தா குசினின்னு நீதான சொன்ன. தேயிலக் கன்னு வளத்த எடத்துல அன்னைக்கு வரிசையா வீடு நின்னுச்சு. என் புள்ள வீடு இந்த எடத்துலதான் நின்னுச்சு.

— அது பாடம், அழகு. பத்து பேர்ச்சு நெலம்னா எவ்வளவுன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும். எலெக்சனுக்கு எலெக்சன் பத்து பேர்ச்சு பத்து பேர்ச்சுன்னு காதுல விழுது, ஒருத்தருக்கும் அளவு தெரியாது. போர்டுல சதுரம் போட்டுக் காட்டுனேன், வெளங்கல. டெப்புல பாத்தா நெசத் தரையில நெச அளவுல வீடு வந்து நிக்கிது. சுத்தி நடக்கலாம், உள்ள போகலாம். அதுக்குத்தான் காட்டுனேன்.

— நானும் உள்ள போனேனே. கொழுந்து நிறுத்துட்டு கூடையோட வந்தேன். நீதான் என் கையில டெப்பக் குடுத்த. வாசப்படியில தலை இடிச்சிரும்னு குனிஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.

— நான் சிரிக்கல.

— நீ சிரிக்கல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட.

— இங்க பாரு. இப்ப ரெண்டே கால். மூணு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவாங்க. பன்னெண்டு குடும்பத்துல பதினோரு பேரு கையெழுத்து வச்சாச்சு. பங்களா மேட்டுல உனக்கு அஞ்சாம் நம்பர் நெலத் துண்டு. நீ வைக்கலன்னா வேற ஆளுக்குப் போயிரும். நம்ம லயத்து வீடு வரிசைக்கே செவப்பு நோட்டீஸ் ஒட்டியாச்சு, அங்க திரும்பிப் போக முடியாது. ஸ்கூல் ஹாலையும் அடுத்த வாரம் பூட்டப் போறாங்க. சரியா?

— இதையெல்லாம் எனக்கு நீ படிச்சுக் காட்டணுமா? மண்ணு சரிஞ்சு லயத்துச் சொவரு பொளந்ததுல இருந்து அந்த ஹால்ல கெடக்குறவ நான். பன்னெண்டு குடும்பம், நடுவுல சீலையக் கட்டிக்கிட்டு. இருமுனா யாரு இருமுறான்னு எல்லாருக்கும் தெரியும். அழுதாலும் தெரியும். அதனால யாரும் அழுகுறதில்ல.

— அப்ப ஏன் இப்புடிப் பண்ற? காலையில தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கையா ஸ்கூலுக்கே வந்துட்டாரு. "ஒங்க டீச்சர் படம் காட்டி சனத்தத் தூண்டி விடுறாங்க, ஒரு பொம்பள தோட்டத்து நெலத்துல குடியேறிட்டா"ன்னு எங்க அதிபர்கிட்ட முறைப்பாடு. கந்தப்பன் சேர் என்னையக் கூப்புட்டு நிக்க வச்சுட்டாரு. டெப் எல்லாத்தையும் அலுமாரியில வச்சுப் பூட்டுங்க, எண்ணுனா ஒண்ணு கொறையுதே, அது எங்கன்னு கேக்குறாரு. அந்த ஒண்ணு உன் மககிட்ட இருக்கு.

— நீ குடுத்துத்தான வாங்குனா. புதங்கெழம.

— நான்தான் குடுத்தேன். பாடத்த முடிக்கட்டும்னு குடுத்தேன். பால் காய்ச்சவா குடுத்தேன்?

— பாலு காய்ச்ச டெப்பு எதுக்கு? தீப்பெட்டி போதும்.

— பிரியந்தி எங்க?

— பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிருக்கா, வந்துருவா. நீ ஒக்காரு. நாற்காலி இல்ல, கூடையக் கவுத்துப் போடுறேன்.

— ஒக்கார நேரமில்ல அழகு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாலு நாளா சோறு எறங்கல.

— ஒனக்கா? நெலம் போறது எனக்கு. ஒனக்கு என்னாத்துக்கு நெஞ்சு அடிக்குது?

— உன்ன நெனச்சு எனக்குக் கவல இருக்காதா?

— இருக்கும், இருக்கும். எட்டாம் ஆண்டு வரைக்கும் ஒரே பெஞ்சு. கணக்குல ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. ஒன்ன ஒங்கப்பா, பொன்னையா மாமா, ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய ஸ்கூல்ல சேத்தாரு. என்னைய எங்கம்மா மலையில கொழுந்தெடுக்கக் கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதுக்காக நான் ஒன்ன ஒரு நாளும் ஏசுனதில்ல ஜீவா.

— ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும்.

— மாமாவுக்கு எப்புடியிருக்கு? கால் வலின்னு ஹட்டனுக்கு ஒன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டியாமே.

— வீக்கம். மருந்து கட்டணும். கொறஞ்சதும் வருவாரு.

— அவருதான மொத ஆளா கையெழுத்து வச்சது. நாலாம் நம்பர், என் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு. "பயப்படாத அழகு, வேலிக்கு அந்தாண்ட நான் இருப்பேன்"னாரு. இன்னைக்கு எல்லார் சாமானும் லொறியில ஏறுது. அவரு பொட்டி மட்டும் ஹால் மூலையில அப்புடியே கெடக்கு.

— அடுத்த லொறியில ஏத்துவோம். அத விடு. நீ ஏன் கையெழுத்து வைக்கமாட்டேங்குற, அத மட்டும் சொல்லு.

— சொன்னா நம்பமாட்ட.

— சொல்லு.

— பங்களா மேட்டுல வீடு ஒக்காரல.

— அது டெப்போட கோளாறு. நான் கிளாஸ்லயே சொன்னேன். போன வெள்ளிக்கெழம புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனப்ப அங்க ஒரே பனிமூட்டம். கெமராவுக்குத் தரை தெரியல.

— பிரியந்தி சொல்லுச்சு. இங்க புடிச்சா தரையில வெள்ளப் புள்ளி புள்ளியா வல மாதிரி விரியுது, தொட்டதும் வீடு தொம்முன்னு ஒக்காருது. அங்க புள்ளியே வரமாட்டேங்குது. வந்தாலும் சாஞ்சுக்கிட்டு வருது. வீடு அந்தரத்துல நின்னுக்கிட்டு செவப்பா மினுங்குதாம்.

— அது மட்டமான தரையத்தான் தேடும், அழகு. சரிவா இருந்தா எத்தன பக்கம் சுத்தி வந்து புடிச்சாலும், எத்தன வாட்டி அழிச்சுட்டு வச்சாலும் செவப்புத்தான் காட்டும். அதுக்கு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாது. அடியில பாறை இருக்கா, தண்ணி இருக்கான்னு தெரியாது. அது ஒரு கண்ணு, அவ்வளவுதான்.

— எனக்கும் தெரியும். அதான் நான் டெப்ப நம்பல. என் மட்டக்கம்ப எடுத்துட்டுப் போனேன்.

— மட்டக்கம்பா?

— ஆமா. செடி மேல வச்சு மட்டம் பாத்துக் கொழுந்து எடுக்குற கம்பு. ஒங்கம்மாவும் வச்சிருந்துச்சு, ஒனக்கு மறந்திருக்கும். இருபது வருசமா அது என் கையில இருக்கு. ஒரு விரக்கடை மட்டம் தப்புனாக்கூட கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நேத்து வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குப் போகாம, விடிஞ்சதும் பங்களா மேட்டுக்குத்தான் போனேன். சண்ட போடப் போகல ஜீவா. குடியேறத்தான் போனேன். அஞ்சாம் நம்பர் முளைக்குப் பக்கத்துல மூணு கல்ல வச்சுப் பால் காய்ச்சுனேன்.

— அங்கயுமா காய்ச்சுன?

— அங்கதான் மொதல்ல. கல்லு வைக்கையில கம்பப் போட்டுப் பாத்தேன், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மலைன்னா சரிவுதானன்னு மம்பட்டியால வெட்டி மட்டம் பண்ணிட்டுச் சட்டிய வச்சேன். பால் பொங்குச்சு. பொங்குன பாலு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணுமே நாம. குனிஞ்சு பாத்தேன்.

— எந்தப் பக்கம் ஓடுச்சு?

— எந்தப் பக்கமும் ஓடல. ஒரு முழம் போச்சு, புல்லுக்குள்ள நொழஞ்சுச்சு, அப்புறம் காணோம். புல்ல வெலக்குனேன். வெடிப்பு. கைய விட்டேன். முழங்கை வரைக்கும் போச்சு. உள்ள இருந்து குளுகுளுன்னு காத்து வருது.

— காஞ்ச வெடிப்பா இருக்கும். வெயிலுக்கு மண்ணு வெடிக்கும்.

— எந்த வெயிலு? மூணு வாரமா மழ. ஒன் சீலை காயாமத்தான கட்டிக்கிட்டு வந்திருக்க.

— யாருகிட்டயாவது சொன்னியா?

— சொன்னேன். கண்டாக்கையா சிரிச்சாரு. "பாலு மண்ணுக்குள்ள போனதுக்கெல்லாம் ரிப்போட் எழுத முடியுமா"ன்னாரு. சரி, நம்ம பொம்பளைககிட்டச் சொல்லுவோம்னு ஹாலுக்கு வந்தேன். பால் கீழ எறங்கிருச்சுன்னு ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். "குடி போற நாள்ல அபசகுனம் பேசாதடி"ன்னு வாய மூடிட்டாங்க. ஒருத்தி திருநீறு பூசிவிட்டா. நான் சொன்ன வெடிப்பு அவங்க காதுல விழல ஜீவா. சகுனம்தான் விழுந்துச்சு. பால வச்சு ஆரம்பிச்சது என் தப்பு. கைய விட்டதுல இருந்து ஆரம்பிச்சிருக்கணும்.

— அப்பறம் இங்க வந்துட்ட.

— மிச்சம் பால் இருந்துச்சு. வீடு ஒக்காந்த எடம் இதுதான. இங்க கம்பப் போட்டேன், படுத்துக்கிச்சு. பால் பொங்கி கெழக்க ஓடுச்சு. பிரியந்தி வாசல் வச்ச எடம் வரைக்கும் போயி நின்னுச்சு. நான் கிறுக்குப் புடிச்சு, இல்லாத வீட்டுல குடியிருக்கேன்னு நெனைக்கிறியா? இங்க வீடு இல்லன்னு எனக்குத் தெரியாதா?

— நான் அப்புடி நெனைக்கல.

— மத்தவங்க நெனைக்கிறாங்க. காலையில கொழுந்துக்குப் போற பொம்பளைக, "அழகக்கா, கதவத் தட்டிட்டு வரணுமா"ன்னு கேட்டுட்டுப் போறாளுக. நானும் "தொறந்துதான்டி இருக்கு, வாங்க"ன்னேன்.

— கொஞ்சம் கேளு. எஞ்சினியர் வந்து பாத்து, எடம் நல்லதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ஒரு டெப்பு, ஒரு கம்பு, ஒரு சட்டிப் பாலு, இத வச்சு அந்தக் காயிதத்தோட நாம மல்லுக்கு நிக்க முடியுமா?

— அவரு ரோட்டுலயே நின்னு பாத்தாரு. சப்பாத்துல சேறு படலயே.

— சரி. அவர விடு. பிரியந்திய நெனச்சுப் பாரு. மொத நாள் டெப்புல இதயம் காட்டுனேன், தெரியுமா? ஒரு புள்ள நெஞ்சுக்கு நேரா டெப்பப் புடிச்சா, சட்டைக்கு மேலயே இதயம் துடிக்கிற மாதிரித் தெரியும். கிஷாந்த் பயந்துபோயி நெஞ்சப் பொத்திக்கிட்டான். உன் மக மட்டும் கிட்ட வந்து, "இது நெசமா இந்தப் பக்கந்தான் இருக்கா டீச்சர், நடுவுல இல்லயா"ன்னு கேட்டா. ரெண்டு வருசத்துல அவ வாயத் தொறந்து கேட்ட மொதக் கேள்வி அது.

— அன்னைக்கு ஹாலுக்கு வந்து என் முதுகுல காத வச்சுக்கிட்டே கெடந்தா. என்னாடின்னேன். "பாடம் படிக்கிறேன்"னா.

— அதுக்குத்தான் அந்த டெப்புகள விடமாட்டேன்னு நிக்கிறேன். டவுன் ஸ்கூல்ல விஞ்ஞானப் பாடத்துக்குன்னு தனி அறை இருக்கு, கண்ணாடிச் சாமான் இருக்கு. நம்ம ஸ்கூல்ல ஒரு பூதக்கண்ணாடி கூட இல்ல. அலுமாரியில ஒரு தடவ பூட்டுனா அடுத்த அதிபர் வர்ற வரைக்கும் பூட்டுத்தான். நீ கையெழுத்து வச்சுட்டா முறைப்பாடும் போயிரும். சேர் சாவிய என் கையிலயே குடுத்துருவாரு.

— ஓ. அப்ப என் கையெழுத்துல ஒனக்கும் ஒரு துண்டு இருக்கு.

— இருக்கு. மறைக்கல.

— இதையாச்சும் நேராச் சொன்ன.

— இங்கயே இருந்தா என்னா ஆகும்னு நெனைக்கிற? தோட்டம் கேஸ் போடும். ரெண்டு நாள்ல இந்த பொலித்தீன கிழிச்சுருவாங்க. லயமும் இல்ல, ஹாலும் இல்ல. பிரியந்தி எங்க ஒக்காந்து படிப்பா? அவ இப்ப எட்டாம் ஆண்டு. நீ நின்னுபோன எடம்.

— அத மட்டும் சொல்லாத.

— சொல்லித்தான் ஆகணும். லிஸ்டுல பேரு இருந்தா உன் கையில ஒரு காயிதம் இருக்கும். பெறகு அந்தக் காயிதத்தக் காட்டி, வெடிப்பு இருக்கு, வேற துண்டு குடுங்கன்னு கேக்கலாம். நானும் கூட வந்து கேக்குறேன். பேரே இல்லன்னா எதப் புடிச்சுக் கேப்ப?

— நீ நம்புறியா ஜீவா? அந்த மேடு நிக்கும்னு?

— நம்புறேன்.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல.

— கண்ணாடியில தூத்தல். ஒண்ணும் தெரியல. நம்புறேன் அழகு. நம்பாமலா பதினோரு குடும்பத்தையும் போங்கன்னு சொன்னேன்?

— என் வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. கொழும்புல கடையில நின்னுக்கிட்டு போன்ல கத்துறாரு, "நம்ம ஜீவா டீச்சர் சொன்னா கேளு, அது படிச்ச புள்ள"ன்னு. கட்டுன பொஞ்சாதி கைய விட்டுப் பாத்துச் சொல்றேன், அது மனுசன் காதுல ஏறல. ஒனக்குத் தெரியுமா, ஹால்ல இருந்த அத்தன பேரும் ஒன்னப் பாத்துத்தான் போறாங்க. கண்டாக்கையாவ நம்பிப் போகல. எஞ்சினியர நம்பிப் போகல.

— அப்புடிச் சொல்லாத.

— ஏன், பெருமதான?

— சொல்லாதன்னா சொல்லாத. மணி பாரு, ரெண்டு முக்கா ஆகப் போகுது. லொறி ரோட்டுல நிக்குது. கடைசி லொறி.

— ஒண்ணு சொல்றேன் கேளு. நான் இன்னைக்கு வரைக்கும் ரெண்டே எடத்துல கையெழுத்து வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு ஒண்ணு, பிரியந்திய ஸ்கூல்ல சேக்க ஒண்ணு. மத்த எல்லாத்துக்கும் பெரு வெரல புடிச்சு அவங்களே வச்சுக்கிட்டாங்க. மூணாவது இதுவா இருக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. நெலத்துக்குன்னு ஒரு கையெழுத்து. அதுக்குப் போயி இப்புடி பயந்துக்கிட்டு வைக்க வேண்டியிருக்கு பாரு.

— வைக்கிறியா?

— பேனாவக் குடு. எங்க வைக்கணும்?

— இந்தா, அஞ்சுக்கு நேரா. காயிதம் நனையாம இந்தக் கொடைக்குள்ள வந்து வை.

— மூடியக் கழட்டிக்கிறேன். இரு. ஏ பிரியந்தி, வந்துட்டியா? தண்ணிய அங்க வச்சுட்டு, டெப்ப டீச்சர்கிட்ட குடு. நாம மேட்டுக்குப் போறோம்.

— போறமா? போகவே மாட்டேன்னு சொன்னியேம்மா.

— டீச்சர் சொல்றாங்க.

— டீச்சர், அந்த எடத்துல வீடு...

— அதப் பெறகு பேசுவோம் பிரியந்தி. முதல்ல டெப்பக் குடு. சேர் தேடுறாரு.

— குடுக்குறேன் டீச்சர். அலுமாரியில வச்சுப் பூட்டுவீங்கன்னு தனுஷன் சொன்னான். குடுக்க முன்ன எங்க வீட்ட ஒரே ஒரு தடவ பாத்துக்கவா?

— நேரமில்லம்மா.

— பாக்கட்டும் விடு ஜீவா. ஒரு நிமிசம். நானும் ஒருக்காப் பாத்துக்குறேன், என் குசினிய. அதுக்குள்ள நான் பேர எழுதுறேன். "அ" போட்டாச்சு.

— இந்தா டீச்சர், எல்லாரு வீடும் வரிசையா இருக்கு. பேரு அடிச்சாத்தான வீட்ட வைக்கவே விடும், அதனால எல்லாத்துக்கும் பேரு இருக்கும். இது கிஷாந்த் வீடு. இது தனுஷன் வீடு, மாடி வச்சது. இது நான் பங்களா மேட்டுல வச்சுப் பாத்தது, செவப்பா நிக்குது பாருங்க. ஒக்காரலன்னாலும் அதையும் தேதி போட்டு வச்சுக்கும். இதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கே. இது யாரு வீடு?

— பிரியந்தி, டெப்பக் குடு.

— "பொன்னையா"ன்னு போட்டிருக்கு. பொன்னையா தாத்தா வீடா டீச்சர்? பங்களா மேட்டுலதான் வச்சிருக்கு. மூணு தடவ. மூணும் செவப்பு.

— குடு புள்ள. லொறி போயிரும்.

— நீ சும்மா இரு ஜீவா. பிரியந்தி, கிளாஸோட போன அன்னைக்கு யாராச்சும் வெளையாட்டுக்கு வச்சிருப்பீங்க.

— இல்லம்மா. நாங்க போனது வெள்ளிக்கெழம. இதுல ஞாயித்துக்கெழமன்னு இருக்கு, காலையில ஒம்பது மணி. அன்னைக்கு ஸ்கூலே இல்ல. டெப்பு எங்ககிட்டயும் இல்ல, டீச்சர்கிட்டதான் இருந்துச்சு. பனிகூட இல்லம்மா, படத்தப் பாரு. எதிர் மலை வரைக்கும் தெளிவாத் தெரியுது.

— ஜீவா.

— அழகு, பாதி எழுதிட்ட. எழுதி முடி.

— ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மாமாவுக்குக் கால் வலின்னு ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போனியே, அது என்னைக்கு?

— லொறி ஹோன் அடிக்கிது.

— என்னைக்கு?

— திங்கக்கெழம.